ஒரு குவளைத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

2023 ஆகஸ்டில் பாகிஸ்தானின் ஜரன்வாலாவில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதைப் பற்றி இப்போதுதான் விரிவாகப் படித்தேன். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் கிறிஸ்தவர்கள் கதி இதுதான் என்கிறார் என் நண்பர். ஒப்புக்கொள்ள மனமில்லை, மறுக்கவும் தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அந்த மக்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

மதவெறி இல்லை என்று சொல்ல மாட்டேன். குர்ஆனை அவமதித்ததாகப் புகார் கிளம்பியதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் ஜரன்வாலாவில் கூட்டம் சேர்த்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் தாக்கப்பட்டன. வீடுகளை விட்டு ஓடியவர்கள் கரும்பு வயல்களில் இரவைக் கழித்தார்கள். ஆனாலும் மதத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி சாதி.

ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்மீது வந்த மத நிந்தனை வழக்கு தொடங்கிய இடத்தைப் பாருங்கள். 2009 ஜூன், பாகிஸ்தானின் பஞ்சாபில் நன்கானா சாகிப் மாவட்டத்து கிராமம் ஒன்று. வெயிலில் பால்சா பழம் பறிக்கும் கூலிப் பெண்கள். ஆசியா தண்ணீர் மொண்டு கொடுக்கிறார். கிறிஸ்தவப் பெண் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்கிறார்கள் உடனிருந்தவர்கள். வாய்ச்சண்டை. அப்புறம்தான் நபியை நிந்தித்தாள் என்ற புகார். 2010இல் மரண தண்டனை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் விடுதலை. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் தூக்குக் கைதியாகச் சிறையில் கிடந்தார். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டவர்கள் நாம். அந்தத் தண்ணீரில் என்ன தீட்டு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாகிஸ்தான் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிகள். அவர்களில் பலருடைய முன்னோர், துப்புரவு வேலையில் அழுத்தி வைக்கப்பட்டிருந்த சூஹ்ரா சாதியினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சியால்கோட் பக்கம் தொடங்கி கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். மதம் மாறியது, வேலை மாறவில்லை. துப்புரவுப் பணிக்கு 'முஸ்லிம் அல்லாதோர் மட்டும்' என்று அரசு அலுவலகங்களே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. 'சூஹ்ரா' இன்றும் வசைச்சொல். 2017இல் சிந்து மாகாணத்தின் உமர்கோட்டில் சாக்கடைக்குள் இறங்கி மயங்கிய ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி மருத்துவமனையில் இறந்தார். நோன்பிருந்த மருத்துவர்கள், உடம்பைக் கழுவினால்தான் தொடுவோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இழிவின் கையில் கிடைத்த ஆயுதம்தான் சட்டம். நபியை நிந்தித்தால் மரண தண்டனை என்னும் 295-சி பிரிவு 1986இல், ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் வந்தது. இதன்கீழ் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிடவில்லை. அதற்கு அவசியமும் இல்லை, புகார் ஒன்றே போதும். வயல் வரப்புத் தகராறு, கடன் பாக்கி, பழைய பகை எல்லாம் அதற்குள் நுழைந்துவிடும். இதில் சிக்கியவர்களில் முஸ்லிம்களே நிறைய. ஆனால் மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத கிறிஸ்தவர்கள் மீது ஒரு புகார் வந்தால் தெருவே எரிகிறது.

உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். ஆசியாவுக்காகப் பேசி, 2011 ஜனவரியில் தன் மெய்க்காவலனாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். இரண்டே மாதத்தில் கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். அதன் பிறகும் ஆசியாவுக்காக அஞ்சாமல் வாதாடிய வழக்கறிஞர் சைஃப் உல் மலூக், விடுதலை செய்த மூன்று நீதிபதிகள், எல்லோரும் முஸ்லிம்கள்தான். 'அந்த நாடே அப்படித்தான்' என்று பேசும்போது இவர்களையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுகிறோம்.

சரி, ஏன் போகவில்லை என்கிறீர்கள். ஆசியா கனடா போய்ச் சேர்ந்தார், உலகம் முழுக்க அவர் பெயரைச் சொன்னதால். பெயர் தெரியாத பலர் தாய்லாந்துக்குப் போய், அகதி என்ற சட்ட அங்கீகாரம் கிடைக்காமல் ஒளிந்து வாழ்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அது அவர்கள் ஊர். 1947இல், நாடு பிரிந்த வேளையில், பஞ்சாப் சட்டமன்றத்தில் சபாநாயகர் எஸ்.பி. சிங்காவும் மற்றக் கிறிஸ்தவ உறுப்பினர்களும் பாகிஸ்தானுக்குத்தான் வாக்களித்தார்கள். ஜரன்வாலா எரிந்தது ஒரு புதன்கிழமை. அந்த வார ஞாயிறன்றே, கரிந்த தேவாலயத்துக்கு வெளியே கூடி ஆராதனை நடத்தினார்கள்.

அன்புடன்.