‘சரி மிஸ்’ என்றார் மாமி

வணக்கம். எனக்கு 39 வயது. நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் 11 வருடம் ரூம் துப்புரவு செய்தேன். போன வருடம் சுப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே ஒன்பது பேர். சம்பளம் கூடியது. ஆனால் வேலைக்குப் போகவே மனம் வருவதில்லை.

மே தொடங்கினால் செப்டெம்பர் வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. புறாமலைத் தீவுக்குப் படகில் போய் வருகிறவர்கள் ரூம் முழுக்க மணலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எனக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகள் விரிக்கிற கட்டில் எனக்குப் பிடிப்பதில்லை. விரிப்பை உருவி எடுத்து நானே திரும்ப விரிப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து கட்டிலாவது அப்படி.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு குளியலறை மூலையில் மணல் கிடந்தது. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த ரூமைச் செய்தவர், எனக்கே இந்த வேலையைப் பழக்கிய மாமி. எப்போதும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். அன்று தலையைக் குனிந்துகொண்டு ‘சரி மிஸ்’ என்றார். அன்றிலிருந்து மிஸ்தான். நான் போனால் தேத்தண்ணி மேசையில் கதை நின்றுவிடுகிறது. இரவில் நித்திரையும் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தையல் மெஷினோடு வீட்டிலிருக்கவா? பழையபடி ரூமுக்கே அனுப்பச் சொல்லவா?

– வாசகி, திருகோணமலை

உளவளத்துணையாளர் பதில்:

அன்புள்ள சகோதரி,

சம்பளத்தைப் பற்றி இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள், கட்டில் விரிப்பைப் பற்றித்தான் மனம்விட்டு எழுதியிருக்கிறீர்கள். ரூம் செய்த காலத்தில், கதவைச் சாத்துமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். விரிப்பில் சுருக்கமில்லை, துவாய் மடிப்பு நேராக இருக்கிறது, வேலை முடிந்தது. அந்த ‘முடிந்தது’ ஒவ்வொரு ரூமிலும் கிடைத்தது. சுப்பர்வைசருக்கு எதுவும் அப்படிக் கண்ணெதிரே முடிவதில்லை. இழந்ததைத் தேடித்தான் மற்றவர் விரித்த கட்டிலைக் கலைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையும் கதவடியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தானே போயிருப்பாள்?

அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பேர்க் பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி 1959இல் ஒரு கருத்தைச் சொன்னார். சம்பளம், விதிமுறை, மேலாளரின் போக்கு போன்றவை மோசமானால் மனிதர் வெறுத்துப்போவார்கள். அவை சரியானாலும் வெறுப்புத்தான் குறையும், திருப்தி வராது. திருப்தி வருவது வேலையிலிருந்தும், அதைச் செய்து முடித்ததிலிருந்தும், அதற்குக் கிடைக்கும் பாராட்டிலிருந்தும். அவர் பிரித்த கோடு அவ்வளவு நேரானதல்ல என்று பின்னர் பலர் வாதிட்டார்கள். ஆனாலும் உங்கள் கதைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

ஆகவே விரிப்பைத் தொடாதீர்கள். பிழை கண்டால் செய்தவரைத் தனியே கூப்பிட்டு, இடத்தைக் காட்டி, அவரையே திருத்தச் சொல்லுங்கள். உங்கள் கை சும்மா இருக்காது, பரபரக்கும். முதல் கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றாயிருந்தால் ‘நல்லாயிருக்கு’ என்று மட்டும் சொல்லாமல் எது நன்றாயிருந்தது என்று சொல்லுங்கள். ரோஸ்டரையும் தனியே எழுதாதீர்கள். கிண்ணியாவுக்குப் பஸ் பிடிக்கிறவருக்கு எந்த ஷிஃப்ட் கஷ்டம், கோயில் திருவிழாவுக்கு யாருக்கு லீவு வேண்டும், பெருநாளுக்கு யாருக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒன்பது பேரையும் இருத்திப் பேசி முடிக்க விடுங்கள். அன்று நீங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

மாமி விஷயம் வேறு. திட்டியது எல்லோர் முன்னால், அதனால் மன்னிப்பும் அங்கேயே கேட்கவேண்டும். மணலைப் பற்றியோ அன்றைய அவசரத்தைப் பற்றியோ பேச்சே வேண்டாம். காரணம் சொல்லத் தொடங்கினால் மன்னிப்பு பாதியில் நின்றுவிடும். ‘மாமி, எல்லாருக்கும் முன்னால உங்களைப் பேசினது என்ர பிழை’ என்றால் போதும்.

வேலையை விடுவதா என்பதை சீசன் நடுவில் முடிவெடுக்காதீர்கள். நவம்பர் மழை தொடங்கி ரூம்கள் காலியாகட்டும். அப்போதும் ரூம் வேலைக்குத்தான் மனம் இழுத்தால் போய்க் கேளுங்கள். அதில் கீழிறக்கம் எதுவுமில்லை. தையல் மெஷின் பற்றி ஒரு சந்தேகம்: அது உங்களுக்குப் பிடித்த தொழிலா, ஆட்களிடமிருந்து ஒளிந்துகொள்ள ஓரிடமா?

நித்திரையின்மை இன்னும் இரண்டு கிழமை தொடர்ந்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மாமி உடனே ‘பிள்ளை’ என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்ச நாள் மிஸ்ஸாகவே இருங்கள்.