மூன்று சதவீதமா, மூன்றில் ஒன்றா? கருக்கலைப்புக் கணக்கில் எந்த எண்ணை எடுப்பது?

கேள்வி: மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு குறைந்ததற்குக் கருக்கலைப்பு எவ்வளவு காரணம் என்பது என் ஆய்வுத் தலைப்பு. ஓர் அரசு ஆய்வு நூறு கர்ப்பத்தில் 3 தான் கலைக்கப்படுகிறது என்கிறது. இன்னொரு கட்டுரை மூன்றில் ஒன்று என்கிறது. கருவள விகிதமும் ஓரிடத்தில் 1.8, வேறோர் இடத்தில் 1.4 என்று இருக்கிறது. கைடு மாவட்ட வாரியாக டேட்டா கேட்கிறார். ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 38 மாவட்டத்துக்கும் டேபிள் போட்டு, அனாலிசிஸும் சேர்த்து 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வேண்டுமானால் ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர் நகலும் கிடைக்குமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த 38 மாவட்ட டேபிள் பொய் என்று அதைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

நூற்றுக்கு 3 என்பது தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, அதாவது 2019–21 தரும் எண். நாடு முழுக்க 6 லட்சத்து 36 ஆயிரம் வீடுகளுக்குப் போய், 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நேரில் கேட்டார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் கர்ப்பங்கள் எப்படி முடிந்தன என்பது அதில் ஒரு கேள்வி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் நோட்டுடனோ டேப்லெட்டுடனோ வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் அடுப்படியில் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் எத்தனை பேர் கலைத்ததைச் சொல்வார்கள்? பலர் தானாகக் கலைந்துவிட்டது என்பார்கள், சிலர் அந்தக் கர்ப்பத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கல்யாணமாகாத பெண் வாயே திறக்க மாட்டாள். ஆகவே அந்த 3 சதவீதம் சொன்னவர்களின் கணக்கு.

மூன்றில் ஒன்று என்பது லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு. மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், பாப்புலேஷன் கவுன்சில், குட்மேக்கர் நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்தன. கணக்கு 2015-ம் ஆண்டுக்கானது. இவர்கள் பெண்களிடம் கேட்கவில்லை. தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் 4,001 மருத்துவமனைகளில் எத்தனை நடந்தது என்று விசாரித்தார்கள். அதோடு கருக்கலைப்பு மாத்திரை நாடு முழுக்க எத்தனை விற்றது என்ற விற்பனைக் கணக்கை எடுத்து, வீணாகிப் போனதையும் கழித்தார்கள். கிடைத்த விடை நாடு முழுக்க ஓராண்டில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு, அதாவது மொத்தக் கர்ப்பத்தில் மூன்றில் ஒன்று. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. அரசின் சொந்தப் புள்ளிவிவரம் அதே காலத்தில் காட்டியது 7 லட்சம் சொச்சம். 7 லட்சம் எங்கே, 156 லட்சம் எங்கே! பெரும்பாலான தனியார் மருத்துவமனைகள் அரசு இணையப் பதிவுக்குள் ஒழுங்காக வருவதில்லை, மெடிக்கலில் வாங்கும் மாத்திரை எந்தப் பதிவிலும் வருவதில்லை. இது தெரிந்தும் அந்தப் பதிவு எண்ணையே நாடாளுமன்றத்தில் பதிலாக வாசிப்பதைக் கேட்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆக, எத்தனை நடக்கிறது என்பதற்கு லான்செட் எண்ணை எடுங்கள், 2015 என்று ஆண்டையும் போடுங்கள். சொன்னவர்கள் எங்கே, யாரிடம் செய்துகொண்டார்கள் என்பதற்குக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். சொன்ன பெண்களிலேயே 27 சதவீதம் பேர் வீட்டில் தாங்களே செய்துகொண்டதாகச் சொல்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கு அந்த ஒரு வரி பத்து டேபிளுக்குச் சமம்.

கருவள விகிதத்துக்கு வருவோம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்று காட்டுவது அது. 1.8 என்பது குடும்ப நல ஆய்வின் எண், ஆய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி. 1.4 என்பது தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் எஸ்.ஆர்.எஸ். என்ற மாதிரிப் பதிவு முறை 2020-க்குத் தந்தது. ஒரே இடங்களில் ஆண்டு முழுக்கப் பிறப்பு இறப்பைப் பதிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கும் முறை அது. இரண்டும் வேறு வேறு தராசு. இந்தத் தராசில் ஒரு எடை, அந்தத் தராசில் ஒரு எடை போட்டு, 1.8-இலிருந்து 1.4-க்கு விழுந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அதே போல நான்காம் சுற்றில் 1.7, ஐந்தாம் சுற்றில் 1.8 என்பதைப் பார்த்துத் தமிழ்நாட்டில் பிறப்பு ஏறுகிறது என்றும் எழுதாதீர்கள். அவ்வளவு சின்ன வித்தியாசம் மாதிரி எடுப்பதிலேயே வந்துவிடும். நீண்ட காலப் போக்கு வேண்டுமென்றால் எஸ்.ஆர்.எஸ். ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். 1971-ல் தமிழ்நாட்டுக்கு அது 3.9.

சரி, உங்கள் தலைப்பில் உள்ள கேள்விக்கே ஒரு சோதனை வைப்போம். 2015-ல் உத்தரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்குச் சுமார் 61 கருக்கலைப்பு, தமிழ்நாட்டில் சுமார் 33. அதே ஆண்டு கருவள விகிதம் அங்கே 3.1, இங்கே 1.6. கருக்கலைப்பு அதிகம் நடக்கும் மாநிலத்தில் பிறப்பும் அதிகம், குறைவாக நடக்கும் நம் மாநிலத்தில் பிறப்பும் குறைவு. கருக்கலைப்பால்தான் பிறப்பு குறைந்தது என்ற முடிவு இந்த இடத்திலேயே சரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு பிள்ளை பெற்று, முப்பது வயதுக்குள் ஆபரேஷன் முடித்துவிடுகிறார்கள். கதையின் பெரும்பகுதி அதுதான். கல்யாண வயது தள்ளிப்போனதும் படிப்பும் அதோடு சேரும். இன்னொன்று: ஒரு கருக்கலைப்பால் ஒரு பிறப்பு குறைகிறது என்று நேராகக் கழிக்காதீர்கள். கலைத்த பெண் சில வாரங்களிலேயே மறுபடி கருவுறக்கூடும். குழந்தை பெற்றவளுக்குப் பால் கொடுக்கும் காலமெல்லாம் அது தள்ளிப்போகும். அதனால் ஒரு கருக்கலைப்பால் குறையும் பிறப்பு ஒன்றுக்கும் குறைவு. இதற்கு ஃபார்முலா இருக்கிறது, உங்கள் அளவில் அது வேண்டாம்.

இப்போது அந்த 38 மாவட்ட டேபிள். ஐந்தாம் சுற்று ஆய்வு 2017 மார்ச்சில் இருந்த மாவட்டங்களை வைத்து நடந்தது. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை எல்லாம் பிறகு பிரிந்தவை. 38-க்கும் எண் தருகிறவர் ஆறு மாவட்டத்துக்கு எங்கிருந்து எடுத்தார்? அதைவிட முக்கியம், அந்த ஆய்வின் மாவட்ட அறிக்கையில் கருவள விகிதமும் கிடையாது, கருக்கலைப்பு விகிதமும் கிடையாது. காரணம் எளிது. மாநிலம் முழுக்கச் சுமார் 28,000 வீடுகள், அப்படியென்றால் மாவட்டத்துக்கு 870 வீடு. ஐந்து ஆண்டில் கர்ப்பமானவர்கள் அதில் சில நூறு பேர் இருப்பார்கள். நூற்றுக்கு மூன்று என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்து விகிதம் போட முடியாது என்றுதான் அவர்களே போடவில்லை. அவர்கள் போடாததை ப்ராஜெக்ட் சென்டர்காரர் போட்டுத் தருகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைவாவுக்கு வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். தீசிஸில் அழகாக 38 வரி டேபிள், கீழே ஐந்தாம் சுற்று என்று ஆதாரம். தென்காசி எண் எங்கே கிடைத்தது அம்மா என்றுதான் கேட்டேன். அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். தோடு அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு அது கட்டிவிட்ட எண் என்றே தெரியாது. அதே டேபிள் அடுத்த மாதம் வேறொரு கல்லூரித் தீசிஸில் என் கைக்கு வந்தது, ஊர்ப் பெயர் எழுத்துப்பிழை உட்பட. மாட்டிக்கொண்டது அந்தப் பிள்ளை, விற்றவர் கடை இன்னும் திறந்திருக்கிறது. மாநில அறிக்கை, தேசிய அறிக்கை, மாவட்ட அறிக்கை எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் பி.டி.எஃப்.தான். மூல டேட்டா கோப்புகளும் இலவசம்தான். அவற்றை உலகத்துக்குத் தந்துவந்த டி.எச்.எஸ். திட்டத்துக்கான நிதியை 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிறுத்தியதும், கோப்புகளை இறக்க அதன் தளத்தில் பதிவு செய்வதில் சிக்கல் வந்தது. அதைச் சாக்காக வைத்து விலை சொன்னால் ஏமாறாதீர்கள், முதுகலை ஆய்வுக்கு அச்சான அறிக்கையே தாராளம்.

ரெஜிஸ்டர் நகல் விஷயம் இதைவிட மோசம். கருக்கலைப்புச் செய்த மருத்துவமனை வைத்திருக்கும் சேர்க்கைப் பதிவேடு சட்டப்படி ரகசிய ஆவணம். பெண்ணின் பெயரையும் விவரத்தையும் வெளியே விடும் மருத்துவருக்கு, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அந்த நகலில் இருப்பவர் உங்கள் தெருப் பெண்ணாக இருக்கலாம். அவள் வீட்டுக்குத் தெரியாமல் தனியாக பஸ் ஏறிப் போய்ச் செய்துகொண்டு வந்திருக்கலாம். அந்தத் தாள் நாலு கை மாறினால் அவளுக்கு என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் எனக்கு ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கைடு கேட்கும் மாவட்டக் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பள்ளம் உண்டு. சுகாதாரத் துறையின் எச்.எம்.ஐ.எஸ். என்ற இணையப் பதிவு மாவட்ட வாரியாக எண் தருகிறது. அது எந்த மருத்துவமனையில் நடந்ததோ அந்த மாவட்டத்தில் ஏறும். தேனி, திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம் பெண்கள் மதுரை அரசு மருத்துவமனைக்கு வந்தால் அத்தனையும் மதுரை எண். அதை மதுரைப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மதுரையில் கருக்கலைப்பு பொங்கி வழியும், ராமநாதபுரத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். உண்மையில் ராமநாதபுரத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் வசதி இல்லை என்பதைத்தான் அந்தச் சின்ன எண் சொல்கிறது. பிறப்புப் பதிவிலும் இதே பள்ளம், வேறு வடிவத்தில். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். சென்னையில் குடியிருக்கும் பெண் திருநெல்வேலியில் பெறுகிறாள், பதிவு திருநெல்வேலியில். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கியதோ சென்னையில். பிக்மி பதிவில் இருந்து பிறப்பைக் கழித்தால் கருக்கலைப்பு வந்துவிடும் என்று ஒரு மாணவர் எனக்கு எழுதியிருந்தார். அப்படிச் செய்தால் தாய்வீட்டுக்குப் போன பெண்கள் எல்லோரும் கலைத்தவர்கள் ஆகிவிடுவார்கள். மேலும், பெரும்பாலான கருக்கலைப்பு பிக்மி எண் வாங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. வகுக்க வேண்டிய மக்கள்தொகையாவது சரியாக இருக்கிறதா என்றால், 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011 எண்ணை நீட்டி நீட்டித்தான் எல்லோரும் வகுக்கிறோம். மாவட்டம் வேறு உடைந்துவிட்டது. கைடிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

என் யோசனை, தலைப்பைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒரே ஒரு ஒன்றியத்தை எடுங்கள். அங்கிருந்து கருக்கலைப்புச் செய்யும் அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை, அந்த மருத்துவர் வாரத்தில் எந்த நாள் இருக்கிறார் என்று பாருங்கள். கணவன் கையெழுத்துக் கேட்கிறார்களா என்று கேளுங்கள். 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்கிறது சட்டம். கல்யாணமாகாதவள் என்பதால் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடுகிறார்களா என்பதையும் செவிலியர்களிடம் கேளுங்கள். குறைந்த எண் வந்தால் அது கருத்தடை சரியாகக் கிடைப்பதாலா, கதவு மூடியிருப்பதாலா என்பது இப்படி நேரில் போனால்தான் தெரியும். எந்தப் பெண்ணிடமும் நீ கலைத்தாயா என்று கேட்க வேண்டியதில்லை. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் வந்த பிறகு கேள்வித்தாளை எடுங்கள். அது வர மாதங்கள் ஆகும், அதனால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ப்ராஜெக்ட் சென்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும், மிச்சப் பணத்தைக் கட்டி அந்த டேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.