ரோபோ கைக்கு நோவுன்னா மெஷினுக்குத் தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தூரத்துல உக்காந்து ஓட்டுற ரோபோ கையில ஃபால்ட் கண்டுபிடிக்க ஒரு மெஷின் லேர்னிங் மாடல (டேட்டாவப் பாத்துக் கத்துக்குற புரோகிராம்) டிரெயின் பண்ணோம் சார். லேப்ல அக்யூரசி 99 சதவீதம். நிஜமா ஓட்டிப் பாத்தா சும்மா சும்மா அலாரம் அடிக்குது, ஏன்?

பதில்: 99ன்னு பாத்ததுமே சந்தேகப்பட்டிருக்கணும். மோட்டார் கரண்ட், ஜாயின்ட் ஆங்கிள் டேட்டாவ சின்னச் சின்ன துண்டா, ஒன்னு மேல ஒன்னு ஏறுற மாதிரி வெட்டி, அப்புறம் குலுக்கி டிரெயின், டெஸ்ட்னு பிரிச்சிருப்பீங்க. அப்போ ஒரே ஓட்டத்தோட பாதி டிரெயின்லயும் மீதி டெஸ்ட்லயும் போயிடும், கேள்வித்தாள முதல் நாளே பாத்துட்டு பரீட்சை எழுதுற கதைதான் அது. முழு ஓட்டத்தையே தனியா ஒதுக்கி டெஸ்ட் பண்ணுங்க, முடிஞ்சா டிரெயினிங்ல இல்லாத ஒரு ஆப்பரேட்டர் ஓட்டுனத வச்சுப் பாருங்க, ஏன்னா ஆளுக்கு ஆள் கை ஓட்டம் வேற, ஒருத்தர் வெடுக்குனு இழுப்பாரு, அதையும் மாடல் ஃபால்ட்னு நினைச்சுக்கும்.

இன்னொன்னு, நெட்வொர்க் டிலே. சொன்ன பொசிஷனுக்கும் கை போன பொசிஷனுக்கும் உள்ள வித்தியாசத்த ஆப்பரேட்டர் பக்கம் இருந்து கணக்குப் போட்டா, சிக்னல் லேட்டா வந்தாலே கை தடுமாறுற மாதிரி தெரியும். கணக்கு கை இருக்குற இடத்துலயே நடக்கணும். வெயிட்ட தூக்குனா டார்க் (மோட்டார் முறுக்குற விசை) ஏறும், குளிர்ல கிரீஸ் இறுகுனாலும் ஏறும், அதனால லோடையும் டெம்பரேச்சரையும் மாடலுக்குக் குடுங்க.

கேள்வி: ஃபால்ட் டேட்டாவே இல்லையே, எப்படி டிரெயின் பண்றது?

பதில்: யாருகிட்டயும் போதுமானது இருக்காது, அதுக்காக கைய உடைக்கவா முடியும்! நல்லா ஓடுற டேட்டாவ மட்டும் ஆட்டோஎன்கோடருக்கு, அதாவது டேட்டாவச் சுருக்கி அதையே திருப்பி வரையப் பழகுற மாடலுக்குக் குடுங்க. பழகாத எதாச்சும் வந்தா அதால சரியா திருப்பி வரைய முடியாது, அந்தப் பிழை கூடுனா சந்தேகம். எனக்குப் பிடிச்ச வழி என்னன்னா, முதல்ல ஃபிசிக்ஸ் ஃபார்முலாவ வச்சு இந்த அசைவுக்கு எவ்வளவு டார்க் வேணும்னு கணக்குப் போட்டு, நிஜத்துல இருந்து அதக் கழிச்சிட்டு, மிச்சத்த மட்டும் மாடல்கிட்ட விடுறது. பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

கேள்வி: கேமராதான் இருக்கே, ஆளும் பாத்துட்டுதானே இருக்காரு, எதுக்கு இதெல்லாம்?

பதில்: கியர்ல உராய்வு ஏறுறது கேமராவுல தெரியாதுங்க, ஆப்பரேட்டர் கைக்கும் பெரும்பாலும் எட்டாது. சர்வதேச விண்வெளி நிலையத்துல 2001ல இருந்து வேலை செய்யுற, 17 மீட்டருக்கும் மேல நீளமான கனடார்ம்2ங்குற ரோபோ கைக்கே 2017 ஆகஸ்ட்ல பிடிக்குற முனையோட கவ்விப் பூட்டுற மோட்டார் நின்னுபோய், அக்டோபர்ல வீரர்கள் வெளிய போய் அந்த முனையையே மாத்துனாங்க. அங்கயாச்சும் ஆள் இருக்காங்க. செவ்வாய்ல கியூரியாசிட்டி ரோவரோட டிரில்ல முன்னாடி தள்ளுற பாகம் 2016 டிசம்பர்ல மக்கர் பண்ணப்போ போய் மாத்த யாரு இருக்கா? டிரில்ல நீட்டியே வச்சுட்டு கையாலயே அழுத்தித் துளை போடுற புது வழி கண்டுபிடிச்சு, 2018 மே மாசம்தான் மறுபடி பாறையில முழுசா ஓட்டை விழுந்துச்சு.

கேள்வி: மாசா மாசம் புது டேட்டாவ வச்சு மாடல ரீடிரெயின் பண்ணா நல்லதுதானே?

பதில்: கவனமா பண்ணலேன்னா ஆபத்து. தேய்மானம் மெதுவா வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேஞ்ச டேட்டாவ நார்மல்னு சொல்லிக் குடுத்தா, கடைசியில உடையப் போற கியரும் மாடலுக்கு நார்மல்தான். கை புதுசா இருந்தப்போ எடுத்த டேட்டாவ அழிக்காம வைங்க, லோடு எதுவும் இல்லாம ஒரே மாதிரி ஒரு அசைவ ரெகுலரா ஓட்டி அதோட ஒப்பிடுங்க. ரீடிரெயின் பண்ணலாமா வேணாமான்னு அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.