சம்பளக்காரர்னா கம்போசர் இல்லையா?

கேள்வி: போன இதழ்ல சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியை பெரிய கம்போசர்னு எழுதியிருந்தீங்க. இங்கிலாந்து கதீட்ரல்ல, அதாவது பிஷப்போட தலைமை சர்ச்ல, சம்பளத்துக்கு ஆர்கன் வாசிச்சவர், யாரோடயும் ஒத்துப்போகாம அஞ்சு இடம் மாறினவர். இவருக்கு இவ்ளோ பில்டப் தேவையா?

பதில்: தேவைதான். சம்பளத்துக்கு வாசிச்சது எப்படிங்க குறையாகும்? அந்த வேலையில என்ன கிடைச்சுதுன்னு பாருங்க. 1832ல ஹியர்ஃபோர்டு கதீட்ரலுக்குப் போறார், வயசு 22 கூட ஆகலை. அங்க ஒரு ஈஸ்டர் அன்னிக்கு கொயர்ல, அதாவது பாடகர் குழுவுல, இருந்தது சின்னப் பசங்களும், பேஸ்ங்கிற கனமான ஆம்பளைக் குரலுக்கு ஒரே ஒரு ஆளும், அந்த ஆளும் கதீட்ரல் தலைமைப் பாதிரியாரான டீன் வீட்டு பட்லர். வேற யாரா இருந்தாலும் பழைய பாட்டு ஒண்ணைப் பாட வச்சு முடிச்சிருப்பாங்க, இவர் இருக்கிற குரலுக்கு ஏத்த மாதிரியே 'Blessed be the God and Father'னு புதுசா ஒண்ணு எழுதினார், இங்கிலாந்து கதீட்ரல்கள்ல அதை இன்னிக்கும் பாடுறாங்க.

சண்டைக்காரர்தான், மறுக்கலை. ஆனா எதுக்கு சண்டை போட்டார்னு கேட்டீங்களா? லீட்ஸ் ஊர் சர்ச்ல வேலை பார்த்தப்ப 1849ல ஒரு சின்னப் புத்தகமே போட்டார், கதீட்ரல் கொயர்னா குறைஞ்சது 12 ஆம்பளைப் பாடகர்கள் வேணும், பாடுறவனுக்கு ஒழுங்கான சம்பளம் வேணும், இசை தெரியாதவங்க கையில இசையை விடக்கூடாதுன்னு. இதைச் சொன்னா எந்த நிர்வாகத்துக்குப் பிடிக்கும்? வின்செஸ்டர் கதீட்ரலுக்கு ஹென்றி வில்லிஸ் செஞ்ச நல்ல ஆர்கன் 1854ல வந்ததுக்கும் இவரோட பிடிவாதம்தான் காரணம். அப்புறம் க்ளாஸ்டர் கதீட்ரல், 1876ல சாகுற வரைக்கும் அங்கதான்.

1873ல பிரதமர் கிளாட்ஸ்டன் 'சர்' பட்டம் வேணுமா, வருஷம் 100 பவுண்டு பென்ஷன் வேணுமான்னு கேட்டப்ப பென்ஷனை எடுத்துக்கிட்டார். வாழ்நாள் பூரா இசைக்காரனுக்கு வயித்துப்பாடு முக்கியம்னு கத்தின மனுஷன் வேற எதை எடுப்பார்?

நம்ம ஊர் சர்ச்கள்ல 'சபையின் அஸ்திபாரம்' பாடுறாங்களே, அந்தப் பாட்டோட 'ஔரேலியா'ங்கிற மெட்டும் இவரோடதுதான், 1864ல வெளிவந்தது.

அந்த ஈஸ்டர் பாட்டை ஒரு தடவை கேளுங்க. நடுவுல ஒரு பையன் தனியா பாட, மத்த பசங்க பதில் பாடுற இடம் வரும். அதைக் கேட்டுட்டு மறுபடி எழுதுங்க, கண்டிப்பா பிரசுரிக்கிறேன்.