வாயடைக்கக் கொடுத்த பணமும் முத்திரைத்தாள் கையெழுத்தும்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அக்கா மகளிடம், தோட்ட முதலாளி சென்ற மாதம் தவறாக நடந்துகொண்டார். அவர் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறாராம். அவளுக்குப் பணம் கொடுத்து, "இதுபற்றி யாரிடமும் பேச மாட்டேன், எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்" என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டிரம்ப் இதற்காகத்தானே தண்டிக்கப்பட்டார்? நம் நாட்டில் இது செல்லுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அந்தத் தாளைக் கண்டு உங்கள் அக்கா மகள் அஞ்ச வேண்டியதில்லை. பொதுநலனுக்கு முரணான நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆவது பிரிவில் சொல்கிறது. குற்றத்தை மறைப்பதற்காகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இதில் அடங்கும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தாலும், நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், அதைக் காட்டி அவளுடைய புகாரைத் தடுக்க முடியாது.

டிரம்ப் வழக்கின் அடிப்படை வேறு. 2016 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய வழக்கறிஞர் மைக்கேல் கோஹன், டிரம்புடன் தமக்கு உறவு இருந்ததாகச் சொன்ன ஸ்டார்மி டேனியல்ஸ் என்ற நடிகைக்கு, அதைப் பற்றிப் பேசாதிருக்க 1,30,000 டாலர் கொடுத்தார். டிரம்ப் அந்த உறவையே மறுக்கிறார். ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு தம் அந்தரங்கத்தைப் பேசாதிருக்க ஒப்புக்கொள்வது மட்டும் அங்கே குற்றமில்லை. கோஹனுக்கு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தபோது வழக்கறிஞர் கட்டணம் என்று நிறுவனக் கணக்கில் பொய்யாக எழுதியதற்காகவே 2024 மே 30 அன்று நியூயார்க் ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் சிறையோ அபராதமோ விதிக்காமல் நீதிபதி அவரை விட்டுவிட்டார். இதே பணம் தொடர்பாகத் தேர்தல் நிதிச் சட்டத்தை மீறியதாக 2018இல் ஒப்புக்கொண்ட கோஹன்தான் சிறை சென்றார்.

உங்கள் அக்கா மகளின் விஷயத்தில் மறைக்கப்படுவது அந்தரங்கம் அன்று, குற்றம். ஒரு குற்றத்தை மறைக்கவோ குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவோ பணம் கொடுப்பதை இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 251ஆவது பிரிவும், வாங்குவதை 250ஆவது பிரிவும் தண்டிக்கின்றன. "வாங்கிய நீயும் மாட்டுவாய்" என்று அவளை மிரட்டக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன். நெருக்கடியில் கையெழுத்திட்ட தொழிலாளியையும் அந்தத் தாளை எழுதி நீட்டியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. எப்படியாயினும் பணத்தைச் செலவழிக்காமல், அது யார் கையால், எந்த நாளில் வந்தது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100.

தேர்தல் சட்டம் இங்கே அதிகம் உதவாது. வேட்புமனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான தேர்தல் செலவுக்குத்தான் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே கைமாறிய பணம் அந்தக் கணக்கில் வராது. போட்டியிலிருந்து விலகச் சொல்லி ஒருவருக்குப் பணம் கொடுத்தால், அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவின்படி லஞ்சமாகும்; ஆனால் இங்கே பணம் கொடுத்தது அதற்காக அன்று.

அவளுக்கு நேரடியாகத் துணை நிற்பது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டம். பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டு நடக்கும் சமரசத்துக்குக்கூடப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று அதன் 10ஆவது பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. புகார் முதலாளி மீதே என்பதால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் அவள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊட்டியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுப்பதற்கும் இது தடையாகாது.