வாடகைக்காரர் இறக்கிய படம், வீட்டுக்காரிக்கு வந்த கடிதம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். பின்கட்டை இரண்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டு, வைஃபை கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறேன். என் இணைப்பில் ஒரு படம் டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் இறக்கப்பட்டதாம். இன்னொரு புகார் வந்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்று இணைய நிறுவனம் எழுதியிருக்கிறது. எங்களை அவர்கள் கண்காணிக்கிறார்களா? குற்றம் என்னுடையதா?

பதில்: சகோதரி, கடிதம் வந்ததாலேயே வேவு பார்த்தார்கள் என்று பொருளில்லை. டொரண்டில் படத்தை இறக்குகிறவர், வந்து சேர்ந்த துண்டுகளை அப்போதே பிறருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பார். படத்தின் பதிப்புரிமை வைத்திருப்பவரின் ஆட்களும் அப்படிப் பகிர்கிறவர்களின் கூட்டத்தில் சேர்ந்து, கண்ணில் படும் ஐபி முகவரிகளை, அதாவது இணைப்புகளுக்குரிய எண்களை, குறித்துக்கொள்வார்கள். அந்த எண் எந்த வாடிக்கையாளருடையது என்று நிறுவனத்துக்குத் தெரியும். இறக்கியவர் யார் என்பது தெரியாது.

கடிதத்திலுள்ள நேரத்தைப் பாருங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால், நம் கடிகாரம் அதற்கு 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதில் இரவு 10.40 என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.40. அந்நேரத்தில் விழித்திருந்தவர் யார்?

2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 78-ஆம் பிரிவில், தன் வழியே போகும் தகவலைக் கண்காணிக்கும் பொதுக் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்கிறது. இணையச் சேவை நிறுவனங்களுக்கென அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்து, தகவலைக் கடத்த மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு 73-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது; நீதிமன்றம் தடுக்கச் சொன்னால் தடுத்தாக வேண்டும். இது சரியான ஏற்பாடு என்றே உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவில், பதிப்புரிமையைத் திரும்பத் திரும்ப மீறியவர்களின் இணைப்பைத் துண்டிக்கவில்லை என்று காக்ஸ் என்ற இணைய நிறுவனத்துக்கு 2019-இல் ஜூரி 100 கோடி டாலர் விதித்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையை ரத்து செய்தது. அப்படியொரு பயம் பிடித்த நிறுவனம் விசாரிக்காமலே துண்டிக்கும். ஒருவர் செய்ததற்கு வீடு முழுவதும் இணைப்பை இழக்கும்.

ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் வேறு விஷயம். துண்டிக்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கலாம். அந்த விதியைப் படித்துவிட்டு, நடந்ததை எழுத்தில் தெரிவியுங்கள். நியாயமில்லாமல் துண்டித்தால் முதலில் நிறுவனத்திடமும், பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவிடமும் முறையிடலாம்.

1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், மீறியவரையும் மீறச் செய்தவரையும் பிடிக்கிறது. கடவுச்சொல் கொடுத்தது மட்டுமே மீறச் செய்தது ஆகாது என்பது என் கருத்து. தெரிந்த பின்னும் சும்மா இருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். இன்றே கடவுச்சொல்லை மாற்றி, வாடகை ஒப்பந்தத்தில் இதற்கொரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே புதியதைக் கொடுங்கள். பணம் கட்டிச் சமரசம் செய்யச் சொல்லி வேறு கடிதம் வந்தால், எதிலும் கையெழுத்திடாமல் என்னிடம் கொண்டு வாருங்கள்.