கடல்நீர்த் தொட்டியில் மீனுக்கு என்ன நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கும்பகோணத்தில் தொட்டி, கோமாளி மீன் மேல் வெள்ளைப் புள்ளி, இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை, எந்த மருந்து ஊற்றலாம் என்கிறீர்கள். மருந்து இருக்கட்டும், முதலில் தண்ணீரில் அம்மோனியாவை, அதாவது மீன் கழிவில் உண்டாகும் நஞ்சைச் சோதியுங்கள். பூஜ்ஜியம் இல்லையென்றால் நோயைத் தேடும் முன் தண்ணீரை மாற்றுங்கள். பூம்புகார் பக்கம் கேனில் கடல்நீர் பிடித்து வருபவரா? ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், அடர்த்தி 1.025 பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

அது சரியாக இருந்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கல் உப்பைத் தூவியதுபோல, எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகாரியன், வெள்ளைப்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி. சலித்த மாவு படிந்ததுபோல் பொடிப்பொடியாக மின்னி, மீனும் மூச்சு வாங்கினால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். இது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கோமாளி மீனில் இன்னொன்றும் உண்டு: தோலிலிருந்து சளி படலமாக உரியும், அது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. மற்ற இரண்டுக்கும் கொடுக்கும் தாமிர மருந்து அதற்குப் பலிக்காது.

கிரிப்டோகாரியனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில நாளில் புள்ளி தானே மறையும். நானும் ஒருமுறை ‘குணமாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருந்தேன். ஒட்டுண்ணி மீனைவிட்டு மணலுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே பெருகி, 3 நாள் முதல் 28 நாளுக்குள், சில சமயம் அதற்கும் மேலாகி, கூட்டமாகத் திரும்பும். தாமிரம் கொடுப்பதென்றால் தனித் தொட்டியில், அளவைச் சோதித்தபடி கொடுங்கள். பவளம், இறால் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.